பேட்டரிப் பெட்டியின் சாவி

“பேட்டரிப் பெட்டிச் சாவியை என்கிட்ட குடுக்கச் சொல்லி உங்க அண்ணன்கிட்ட கேட்டீங்களா?”

“சமயம் பார்த்துக் கேக்கறேன்மா.”

“உங்க சமயம் எப்பங்க வரும்?”

“அவர் கொஞ்சம் சிரிச்ச முகமா இருக்கட்டும்.”

“அப்ப இந்த ஜென்மத்துல இல்லேன்னு சொல்லுங்க.”

கல்யாணமான புதிதில் எனக்கும் என் கணவருக்கும் நடந்த பேச்சு இது. வாயெல்லாம் பற்பசை நுரையோடு அவர் சிரித்த சிரிப்பில் அன்றைக்கு என் கோபம் கரைந்துவிட்டது. அதற்குப் பிறகும் எத்தனையோ முறை கேட்டேன். அவரும் சமயம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

படகுகளுக்கு மின் இணைப்புக் கொடுப்பதுதான் என் தொழில். படகுத்துறைக்குப் பின்னால் இருக்கும் பட்டறையில் வேலை. எங்கள் ஊர் ஏரியில் ஓடும் பாதிப் படகுகளுக்கு வயர் இழுத்தவள் நான். எங்கள் குடும்பப் படகில் மட்டும் ஒரு திருகைக்கூடத் தொட்டதில்லை. அதில் ஆட்களை ஏற்றி ஓட்டுவது என் கணவர். பேட்டரிகள் அவருடைய அண்ணன் பொறுப்பு. இடுப்பில் எந்நேரமும் சாவிகள் குலுங்குவதால் துறையில் அவருக்குச் ‘சாவிக்கொத்து’ என்று பெயர்.

அவர் நான்கு பேட்டரிகளைச் சேர்த்திருந்த லட்சணத்தை ஒருநாள் எட்டிப் பார்த்தேன். மூன்று பழசு, ஒன்று புதுசு. விளக்குக்கும் தண்ணீர் இறைக்கும் பம்புக்கும் பிளஸ், மைனஸ் இரண்டையும் முதல் பேட்டரியிலிருந்தே எடுத்திருந்தார். ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் முறுக்கிய செப்புக் கம்பி.

“மாமா, ஃப்யூஸ் எங்கே?”

“அது அடிக்கடி போயிட்டே இருந்துச்சு. கம்பியைப் போட்டேன். அப்புறம் ஒரு தடவைகூடப் போகலை, பாரு!”

“போறதுக்குத்தானே மாமா அதை வெக்கறதே?”

“உன் பட்டறைப் பாடத்தைப் பட்டறையோட வெச்சுக்க. பசிக்குது, சமையல் ஆச்சான்னு பாரு.”

பெட்டியை மூடிப் பூட்டினார். அவர் வாயிலும் ஒரு பூட்டைத் தொங்கவிடலாமா என்று இருந்தது எனக்கு.

போன வெள்ளிக்கிழமை, நடு ஏரியில், படகு நிறைய ஆட்கள் இருக்கும்போது நடந்தது அது. பம்பு வயர் இரும்புச் சட்டத்தில் உரசி உரசித் தோல் கிழிந்து ஷார்ட் ஆகியிருக்கிறது. ஃப்யூஸ் இருந்திருந்தால் அந்த நொடியே அறுந்து விஷயம் முடிந்திருக்கும். செப்புக் கம்பி அசையவில்லை. வயர் எரிந்தது. அணைக்கும் சுவிட்ச் பெட்டிக்குள், பெட்டியில் பூட்டு, சாவி கரையில், அண்ணன் இடுப்பில்! என் கணவர் நங்கூரத்தால் பூட்டை அடித்து உடைத்து, புகைக்குள் கையை விட்டு சுவிட்சை அணைத்திருக்கிறார்.

சத்தம் கேட்டு நான் துறைக்கு ஓடியபோது ஆட்கள் இருமிக்கொண்டே இறங்கிக்கொண்டிருந்தார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி பிள்ளையை மார்போடு அணைத்தபடி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். என் கணவரின் வலது உள்ளங்கை கொப்பளித்திருந்தது. அவருடைய அண்ணன் வந்தார், பெட்டியைப் பார்த்தார், முதல் கேள்வி கேட்டார்.

“பூட்டை ஏண்டா உடைச்சே?”

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. “மாமா, அவர் கையைப் பாருங்க!”

“கைக்கு மருந்து போட்டா ஆறிடும். பூட்டு ஒட்டுமா? எவ்வளவு நல்ல பூட்டு தெரியுமா அது!”

கணவரின் கையைக் கழுவி, மருந்து போட்டுத் துணி சுற்றினேன். பட்டறைக்குப் போய்க் கருவிப் பையை எடுத்து வந்தேன். பேட்டரி முனைகளுக்கு நடுவே மோதிரம் பட்டால் விரலே வெந்துவிடும். கல்யாண மோதிரத்தைக் கழற்றி அவருடைய இடது கையில் வைத்தேன். முதலில் மைனஸ் வயர்களைக் கழற்றினேன். பழசோடு சேர்ந்து வீணாகிக்கொண்டிருந்த புதுப் பேட்டரியைத் தனியே எடுத்துவைத்தேன். ஒரே வயதுள்ள மூன்றையும் சேர்த்து, பிளஸை முதல் பேட்டரியிலிருந்தும் மைனஸைக் கடைசியிலிருந்தும் எடுத்தேன். எரிந்த வயரை மாற்றி, பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸை வைத்தேன். சுவிட்சைப் பெட்டிக்கு வெளியே கொண்டுவந்தேன்.

“மைனஸை எதுக்கு அந்தக் கோடியில மாட்டறே? வயர் வீணாகுது.” மேலிருந்து குரல்.

“எல்லாச் சுமையும் ஒண்ணு தலையிலயே விழக்கூடாது மாமா. விழுந்தா அது சீக்கிரம் செத்துரும். மத்தது சும்மா வேடிக்கை பார்க்கும்.”

துணி சுற்றிய கையை ஊதிக்கொண்டிருந்த என் கணவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

வேலை முடிந்தது. விளக்கு எரிந்தது, பம்பு ஓடியது. அண்ணன் கடைக்குப் போய் முந்தையதைவிடப் பெரிய பூட்டாக வாங்கி வந்தார். பெட்டியில் மாட்டி, அழுத்திப் பூட்டி, சாவியை இடுப்புக் கொத்தில் கோத்தார்.

“இந்த ஃப்யூஸும் போனா நான் பழையபடி கம்பியைப் போட்டுக்கறேன்,” என்றார், பெரிய மனசோடு.

சாவியைப் பற்றி இந்த முறை நான் என் கணவரைக் கேட்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் பக்கத்தில் வந்தார். ஒற்றைக் கையால் தடுமாறித் தடுமாறி என் விரலில் மோதிரத்தை மாட்டிவிட்டார். அப்புறம் திரும்பினார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

“அண்ணே.”

“என்னடா?” அந்த முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை.

“அந்தச் சாவியை அவகிட்ட குடுங்கண்ணே.”