அட்லஸில் இல்லாத நாடு

2006 ஆகஸ்டில், துபாயின் ஜெபல் அலி தொழிலாளர் கேம்பில் இருந்த தச்சர் பன்னீர்செல்வத்தை ஓட்டல் வேலைக்காக ஓர் ஏஜெண்டு மாண்டினீக்ரோவுக்குக் கூப்பிட்டார். சம்மதித்தால் துபாய் விசா ரத்தாகிவிடும். மாலைக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

பன்னீர்செல்வம் போய்க் கேட்டதும், மளிகைக்கடை அலாவுதீன் பாய் தன் மகளின் பள்ளி அட்லஸை இரண்டு முறை புரட்டினார்.

“அப்படி ஒரு நாடே இல்லப்பா. மத்தவன் விசாவைத்தான் போலியா அடிப்பான். உன் ஏஜெண்டு நாட்டையே அடிச்சிருக்கான்.”

சிகரெட் வாங்க வந்திருந்த சைட் இன்ஜினியர் நிகோலாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அது அவருடைய நாடு. செர்பியாவிலிருந்து பிரிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்று அவருக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினார். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கறுப்பு மலைகள். துருக்கி சுல்தான்களால்கூட முழுதாகப் பிடிக்க முடியாத மலைகள். மொத்தம் ஆறு லட்சம் பேர்.

“ஆறு லட்சமா? எங்க மாவட்டத்துல வாக்காளரே அதைவிட ஜாஸ்தி,” என்றார் பாய்.

பன்னீர்செல்வத்துக்கு ஒரு வழி தோன்றியது.

“அவ்வளவு கொஞ்சம் பேர்னா ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சிருக்கணுமே. சார், ஏஜெண்டு குடுத்த இந்த லெட்டர்ல ஓட்டல் நம்பர் இருக்கு. போன் போட்டு, நீங்க யார் வீட்டுப் பிள்ளைன்னு சொல்லுங்க.”

ஓட்டலில் ஒரு பெண் போனை எடுத்தாள். நிகோலா தன் பெயரையும் அப்பா பெயரையும் சொன்னார். அவ்வளவுதான். அவள் நிறுத்தாமல் திட்டினாள். நிகோலா காது சிவக்கக் கேட்டுக்கொண்டு நின்றார்.

“என்ன சார் சொல்றாங்க?”

“எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு. மூணு வாரமா அம்மாவுக்கு ஏன் போன் பண்ணலைன்னு கேக்குறா.”

“நாடு அசல்தான் பாய்,” என்று சொல்லிப் பன்னீர்செல்வம் கையெழுத்துப் போட்டார்.