காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும்

ஞாயிற்றுக்கிழமை காலை, துவைத்த துணிகளை வாளியில் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறப் போனவளை அத்தை ஓடி வந்து மறித்தாள். ஓடி வந்தாள் என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. முட்டிவலிக்கு ஊரிலுள்ள தைலத்தையெல்லாம் தேய்த்துப் பார்த்த மாமியார், பஸ் இறங்கி வந்த களைப்புகூட ஆறாமல், பையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடி வந்து வாளியைப் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் ஈரத்துணி ஒன்று நழுவி இருவர் காலிலும் தண்ணீர் சொட்டியது.

"விடு விடு. இதெல்லாம் நீ தூக்கவே கூடாது."

"ஏன் அத்தை?"

"ஏன்னு என்னைக் கேக்கறியா? கள்ளி!" என்று கன்னத்தைக் கிள்ளினாள்.

மருமகளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை அவளுக்கு. அதனால் புருஷன் செல்லமாகக் கூப்பிடுவது கண்ணாடிக்காரி என்று. அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன் என்பதால் அவள் பதிலுக்கு வைத்த பெயர் லிஃப்ட்காரன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அத்தை இப்படிக் கன்னத்தைக் கிள்ளியதில்லை. யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது, மெதுவாகச் சொல்ல வந்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தாள். அத்தை பையைத் திறந்து மாதுளம்பழங்களை ஒவ்வொன்றாகச் சமையலறை மேசையில் அடுக்கினாள். எல்லாம் குழந்தைத் தலை அளவுக்குப் பெரிய பழங்கள். "பேரமே பேசலை, கேட்ட விலையைக் குடுத்துட்டேன்" என்றாள். அப்போதுதான் கண்ணாடிக்காரிக்கு உண்மையிலேயே பயம் வந்தது. முப்பது வருஷம் ஜவுளிக்கடையில் துணி கிழித்தவள், தீப்பெட்டி வாங்கினாலும் பேரம் பேசாமல் நகர மாட்டாள்.

"அத்தை, யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"உனக்குத்தான்!" என்று சிரித்தாள் அத்தை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு பழத்தைக் கீறி முத்துகளைக் கிண்ணத்தில் உதிர்க்கத் தொடங்கினாள். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நீயா சொல்லுவேன்னு பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். முடியலை. கெளம்பி வந்துட்டேன்." இடுப்பிலிருந்து போனை எடுத்து நீட்டினாள். திரையில் ரோஜா நிறத்தில் ஒரு பூ. பூவின் கீழே ஒரே ஒரு சொல். தாமதம்.

அந்தப் பூவைக் கண்ணாடிக்காரிக்கு நன்றாகத் தெரியும். மொட்டு என்று அந்த ஆப்புக்குப் பெயர். மாதா மாதம் சந்தா கட்ட வேண்டும். தீட்டு வந்த தேதியைப் போட்டால் அடுத்தது எப்போது, நடுவில் எது நல்ல நாள், தள்ளிப் போயிருக்கிறதா என்று கணக்குப் போட்டுச் சொல்லும். இரண்டு பேரிடமும் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர்கள் கைவிரித்த பிறகு லிஃப்ட்காரன்தான் தன் கார்டில் சந்தா கட்டினான். கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் குடும்பத்தில் இன்னொருவரும் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தது. அம்மாவைச் சேர்த்துவிட்டான். அதற்கும் காரணம் இருந்தது. அதுவரை மாதம் தவறாமல் போன் வரும், "என்னம்மா, விசேஷம் உண்டா?" என்று. இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லி அவள் நாக்கு தேய்ந்துபோயிருந்தது. இனிமேல் பூவே சொல்லிக்கொள்ளட்டும், சனியன் விட்டது என்று அவளும் தலையாட்டினாள். கேள்வி நின்றது வாஸ்தவம். ஆனால் அந்த நாள் வந்தால் அத்தை வேறு எதற்காவது கூப்பிடுவாள். மிக்ஸி ஓடவில்லை என்பாள், குழாயில் தண்ணீர் வரவில்லை என்பாள். குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வரும். அதைக் கேட்பதற்குப் பழைய கேள்வியே தேவலாம் போலிருக்கும்.

சில மாதங்களுக்கு முன்பு அந்த ஆப்பை அவள் போனிலிருந்து அழித்துவிட்டாள். அழிக்க வைத்தவர் ஒரு பெரியவர். கடையின் பரிசோதனை அறையில் விளக்கைத் தணித்து, அவர் மூக்கில் ஃப்ரேமை மாட்டி, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "கிட்டத்துல எது தெரியுதோ படிங்க ஐயா" என்று அட்டையை எடுக்கத் திரும்பினாள். மேசையிலிருந்த அவளுடைய போன் அந்த நேரம் பார்த்து ஒளிர்ந்தது. பெரியவர் குனிந்து, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார். "இன்று… பொன்னான… இரவு. தவற… விடாதீர்கள்." படித்து முடித்துத் திருப்தியாகத் தலையாட்டினார். "நல்லாத் தெரியுதும்மா. இந்தப் பவரே போதும்." வெளியே காத்திருந்தவர்கள் எத்தனை பேர் காதில் விழுந்ததோ தெரியாது. அவள் முகத்தில் ஈ ஆடவில்லை. பவரை எழுதிக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து, முதல் வேலையாகப் பூவை அழித்தாள்.

அன்றே புருஷனிடமும் சொன்னாள். "எனக்குப் போதும். ஊசி போதும், மாத்திரை போதும், பூ போதும். குழந்தை வேண்டாம்னு சொல்லலை. இப்படிக் காத்துக் கெடக்கறது வேண்டாங்கறேன். நாம ரெண்டு பேராவே இருப்போம்." அவன் "சரி" என்றான். அந்தச் சரியை அவள் முழுதாக நம்பினாள். அதற்குப் பிறகு அவள் வாழ்ந்தது வேறு வாழ்க்கை. தேதியே நினைவில் இல்லாத நாட்கள் வந்தன. இந்த வயதில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். காயத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவளுக்குத் தெரியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். ஆப்பை அழித்தால் சந்தா அழியாது. இலையைக் கிள்ளினால் வேர் போய்விடுமா? அவள் போனில் பூ இல்லை. ஆனால் எங்கேயோ அது உயிரோடு இருந்து, தேதி வரும் வரும் என்று பார்த்து, வராமல் போகவே, நாள் தள்ளிப்போய்விட்டது என்று தானாக முடிவு கட்டி, தினம் காலையில் அத்தைக்குச் சேதி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

"அத்தை" என்றாள். அடுத்த வார்த்தைக்கு அவளுக்கே தைரியம் தேவைப்பட்டது. "அது பொய் சொல்லுது. நான் அந்த ஆப்பை எப்பவோ எடுத்துட்டேன். தேதி போடறதில்லை. அதான் அது உளறுது. எனக்குப் போன வாரம்தான் வந்து போச்சு."

கிண்ணத்துக்கு மேலே அத்தையின் கை அப்படியே நின்றது. "சில பேருக்கு அப்படியும் கொஞ்சம்…"

"அத்தை. ஒண்ணும் இல்லை."

பக்கத்து வீட்டில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. அத்தை கையிலிருந்த பழத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். திடீரென்று நிமிர்ந்தாள். "இல்லையே! தம்பிகிட்டக் கேட்டேனே. போன்ல கேட்டப்ப அவன் இல்லைன்னு சொல்லலையே. சிரிச்சானே!"

லிஃப்ட்காரன் சமையலறை வாசலில்தான் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. இருவரும் திரும்பிப் பார்த்ததும் கதவில் ஏதோ பழுதைக் கண்டவன் மாதிரி கீலைத் தடவிப் பார்த்தான்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள் கண்ணாடிக்காரி. மாமியார் முன்னால் 'நீங்க' என்று மட்டுமே பேசிப் பழகியவள்.

"சந்தா என் பேர்லதானே, என் போன்லயும் காட்டுச்சு" என்றான். "பணமும் கட் ஆச்சு. கேன்சல் பண்ணலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அம்மா கூப்ட்டாங்க. அப்பா போனதுக்கப்புறம் அம்மா அப்படிச் சிரிச்சு நான் கேட்டதில்லை. நாலு நாள் இருக்கட்டுமேன்னு…"

"நாலு நாள் கழிச்சு?"

அவன் மறுபடியும் கீலைத் தடவினான். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியே நின்று "இதோ, இதோ ஆச்சு" என்று சொல்லியே பழகியவன். அந்த இதோவுக்கு எல்லை கிடையாது. உள்ளே இருப்பவர்களுக்கு அப்போதைக்கு மூச்சு வந்தால் போதும். அம்மாவையும் அப்படித்தான் சமாளித்திருக்கிறான். அவனைப் பார்க்க அவளுக்குப் பாவமாகவும் இருந்தது. ஆனால் பாவத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. அவளுடைய உடம்பைப் பற்றி ஒரு பொய் இவ்வளவு நாள் ஊர் சுற்றியிருக்கிறது. கட்டிய புருஷனே அதற்கு மாதச் சந்தா கட்டியிருக்கிறான். அன்றைக்கு அவன் சொன்ன சரியை நினைத்துக்கொண்டே கையை நீட்டினாள்.

"போனைக் குடு."

"அப்புறம் நானே…"

"குடுங்கறேன்."

கொடுத்தான். அவள் அத்தைக்கு எதிரில் உட்கார்ந்து, அமைப்புகளைத் திறந்து, அவன் பெயரைத் தொட்டு, சந்தாக்கள் என்ற இடத்தைத் தேடிப் பிடித்தாள். சினிமா பார்க்க ஒன்று, போட்டோ சேர்த்து வைக்க ஒன்று, நடுவில் மொட்டு. ரத்து என்ற சொல்லை அடிக்கும் அடியில் ஒளித்து வைத்திருந்தார்கள். தொட்டதும் பூ வாடிய முகத்தோடு வந்தது. எங்களை விட்டுப் பிரிகிறீர்களா? ஆமாம். உங்கள் கனவு மிக அருகில் இருக்கலாம்! இருக்கட்டும். அடுத்த மூன்று மாதத்துக்குப் பாதி விலை.

"பாதி விலைக்குத் தர்றானாம் அத்தை."

"பாதியா?" என்றாள் அத்தை. கண்ணில் நீர் நிற்கும்போதும் அந்த வாய் தானாகக் கேட்டுவிட்டது. கேட்டதற்கு உடனே வெட்கப்பட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "பாதி விலைன்னா ஓடாத சரக்குதான். தள்ளிவிடு."

லிஃப்ட்காரன் சிரிக்கப் பார்த்து, மனைவியின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

ரத்து செய்வதற்கான காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும் என்றது ஆப். அவள் அதைச் சத்தமாகப் படித்தாள். அத்தைக்குக் கேட்க வேண்டும், கதவைத் தடவிக்கொண்டு நிற்பவனுக்கும் கேட்க வேண்டும். "கர்ப்பமாகிவிட்டேன். இல்லை. விலை அதிகம். அதுவும் இல்லை. வேறு ஆப் கிடைத்துவிட்டது. அய்யோ, வேண்டவே வேண்டாம். சிறிது காலம் ஓய்வு தேவை. ஓய்வெடுத்துட்டுத் திரும்பி வரணுமாம். வர மாட்டேன்." நிறுத்தி அத்தையைப் பார்த்தாள். "போதும்னு ஒருத்தி நிறுத்துவாங்கறது இவங்களுக்குத் தோணவே இல்லை பாருங்க. இதுல அதுக்கு எடமே இல்லை."

அடியில் 'மற்றவை' என்று இருந்தது. தொட்டால் ஒரு சின்னக் கட்டம் வந்தது. அதில் எழுதினாள்: எனக்குப் போதும். நான் நன்றாக இருக்கிறேன். யார் படிக்கப் போகிறார்கள் என்று தெரியாது. யாரும் படிக்கமாட்டார்கள் என்றுதான் நினைத்தாள். ஆனாலும் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டே அனுப்பினாள்.

உங்கள் கருத்துக்கு நன்றி. மாதக் கடைசிவரை எல்லா வசதிகளும் தொடரும்.

"பணம் கட்டின மாசம் முடியற வரைக்கும் உங்க போன்ல அது அப்படியேதான் காட்டும் அத்தை" என்றாள். "நீங்க நம்பாதீங்க."

அத்தை மாதுளைத் தோலை ஓரமாக ஒதுக்கி வைத்தாள். "நான் ஊருக்கே சொல்லிட்டேனே" என்றாள்.

"யார்கிட்டச் சொன்னீங்க?"

"அக்காகிட்ட மட்டும்தான்."

அக்காவிடம் சொன்னால் தண்டோராவே தேவையில்லை என்பது அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். "இனி நான் எப்படி அவங்க முகத்துல முழிப்பேன்? ஒவ்வொருத்தியும் துக்கம் விசாரிக்கிற மாதிரி வருவாளே. என்னைப் பாத்து ஐயோ பாவம்பாளே" என்றாள் அத்தை. அந்தக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரவில்லை. எதிரே உட்கார்ந்து, கண்ணைப் பார்த்துச் சொன்னாள். பதில் வேண்டும் என்ற மாதிரி சொன்னாள்.

"ஐயோ பாவம்னு சொல்ல இங்க என்ன செத்தா போச்சு?" என்றாள் கண்ணாடிக்காரி. "இத்தனை வருஷமா நானும் பாவம், நீங்களும் பாவம். நான் அதை விட்டுட்டேன். நீங்களும் விடுங்க. எனக்காக நீங்க அழறது எனக்குப் பிடிக்கலை அத்தை. எனக்கு அழுகை வரலை. வராதப்ப எங்கிருந்து கொண்டுவர்றது?"

அத்தை பதில் சொல்வதற்குள் அவள் போன் அடித்தது. மேசையில் மாதுளம்பழங்களுக்கு நடுவே அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. திரையில் 'அக்கா' என்று பெரிய எழுத்தில் தெரிந்தது.

"எடுக்காதீங்க" என்று லிஃப்ட்காரன் ஓடி வந்தான். "அம்மா இன்னும் பஸ்லதான் இருக்காங்கன்னு பெரியம்மா நெனச்சுக்கட்டும். அப்புறமா நான் பக்குவமா…"

அவன் கை நீள்வதற்குள் கண்ணாடிக்காரி எடுத்துவிட்டாள். ஸ்பீக்கரைப் போட்டு மேசையின் நடுவில் வைத்தாள்.

"ஏண்டி, போய்ச் சேந்தியா? மருமக என்ன சொன்னா? வாயைத் தொறந்தாளா இல்லையா?"

"மருமகதான் பேசறேன் பெரியம்மா."

"அடி என் கண்ணே! உடம்பு எப்படிம்மா இருக்கு?"

"உடம்பு நல்லா இருக்கு பெரியம்மா. அதைப் பத்தித்தான் சொல்லணும்."

மேசையின் மறுபக்கத்திலிருந்து அத்தையின் கை வந்தது. மாதுளைச் சாறு நகக்கண்ணில் சிவப்பாக ஏறியிருந்தது. துண்டிக்கத்தான் வருகிறாள் என்று கண்ணாடிக்காரி போனின் மேல் உள்ளங்கையைக் குவித்தாள். அத்தை அந்தக் கையை விலக்கவில்லை. போனின் பக்கவாட்டைத் தடவி, பொத்தானைக் கண்டுபிடித்து, அழுத்தினாள். ஒலி ஏறியது. மீண்டும் அழுத்தினாள்.

"அலோ? என்னம்மா, கேக்கலையே! சத்தமாச் சொல்லு!"

பெரியம்மாவின் குரல் சமையலறையை நிறைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக மாடிப்படிவரை போயிற்று. கீழ்வீட்டில் ரேடியோவை யாரோ நிறுத்தினார்கள். அத்தை நாற்காலியை மருமகள் பக்கமாக இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். விரலைப் பொத்தானிலிருந்து எடுக்கவேயில்லை.