மிசாவோவின் கிலோமீட்டர்கள்

ஹமமாட்சு நகரத்தில் அப்பழுக்கற்ற பொருள் ஒன்றே ஒன்றுதான் உண்டு என்பதும், அது திரு. மகிஷிமா தோகுஜியின் 750 சிசி நெடும்பயண மோட்டார் சைக்கிள்தான் என்பதும் தொன்மை வாகனப் பாதுகாப்புச் சங்கம் முத்திரை குத்தி ஏற்றுக்கொண்ட உண்மை. 1975 நவம்பரில் வாங்கிய நாள் முதல் அது தன் கண்ணாடி அறையை விட்டு ஒரு சாண் நகர்ந்ததில்லை. ஆனால் அதன் மீட்டர் ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் ஓடியிருந்தது.

காரணம் தெருவுக்கே தெரியும். தோகுஜியின் மனைவி மிசாவோ கோபத்தை விழுங்கிக்கொண்டு “சரிங்க” என்று சொல்லும்போதெல்லாம் மீட்டரில் ஒரு கிலோமீட்டர் ஏறும். அவள் ஜப்பானின் வடகோடியிலுள்ள வக்கனாயிலிருந்து பியானோ தொழிற்சாலை வேலைக்கு வந்தவள். “பின் சீட்டுல உன்ன உக்கார வச்சு வக்கனாய் வரைக்கும் ஓட்டிட்டுப் போய் உங்கம்மா வாசல்ல நிறுத்துறேன் பாரு” என்று சொல்லித்தான் தோகுஜி அவளைக் கட்டினார். வசந்தத்தில் மகரந்தம் படியும் என்றார். கோடையில் வியர்வை பட்டால் குரோம் மங்கும் என்றார். இலையுதிர்காலத்தில் புயல், குளிர்காலத்தில் மண்ணை வாரி இறைக்கும் வறண்ட காற்று. அடுத்த வருஷம் பார்ப்போம். சரிங்க. 1991இல் அவள் அம்மா செத்தபோது, “கடல்காத்துல உப்பு இருக்குமே மிசாவோ, நீ ரயில்ல போயிட்டு வந்துரு” என்றார். சரிங்க. அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் நாற்பது கிலோமீட்டர் ஏறியது. எஞ்சின் கொதித்த கொதிப்பில் பக்கத்து வீட்டுக்காரி புகைக்குழாய்க்கு மேலே கயிறு கட்டி இரண்டு நாள் பெர்சிமன் பழம் காயவைத்தாள். பிறகு வருஷா வருஷம் அதையே வழக்கமாக்கிக்கொண்டாள்.

நின்ற இடத்திலேயே ஓடியதால் வழியும் வண்டியில் ஒட்டியது. முதலில் டயரில் ஃபூஜி மலையின் கறுப்பு மணல், பிறகு விளக்குக் கண்ணாடியில் செண்டாய் பக்கத்துப் பூச்சிகள். தோகுஜி காது குடையும் பஞ்சுக் குச்சியால் அவற்றைத் துடைத்தார். சங்கம் ஆலோசித்தது. அதன் பன்னிரண்டு உறுப்பினர்களும் கூட்டத்துக்குப் பேருந்தில்தான் வருவார்கள். தலைவர் நுகதா, எண்ணெய் கசிந்துவிடும் என்று தன் வண்டியின் எஞ்சினையே கழற்றி வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தவர். இந்தக் கிலோமீட்டர்கள் வண்டியுடையவை அல்ல, மனைவியுடையவை என்று பன்னிரண்டு முத்திரைகளோடு தீர்மானம் நிறைவேறியது.

2018 அக்டோபரில் ஒரு நாள் பின்சக்கரக் கம்பிகளில் ஈரமான கடற்பாசி ஒன்று சுற்றியிருப்பதை மிசாவோ பார்த்தாள். கை கழுவிவிட்டு வருவதற்குள் அதைக் காணவில்லை.

“இதுல சுத்தியிருந்தது எங்க?”

“எரிக்கிற குப்பையில போட்டுட்டேன். இன்னைக்குச் செவ்வாய்க்கிழமைதானே, குப்பை வண்டிக்காரன் வந்து எடுத்துட்டுப் போயிட்டான்.”

“அது எங்க ஊரு பாசி. எங்கம்மா வாசல்ல காயப்போடுறது.”

“உப்புடி அது! கம்பி துருப்பிடிச்சா நீயா பதில் சொல்லுவ? இனிமே பார்த்தா உடனே சொல்லணும், என்ன?”

மீட்டர் காத்திருந்தது. மிசாவோ “முடியாது” என்றாள்.

“உங்க வண்டி எங்கம்மா வாசல் வரைக்கும் போய்ச் சேர்ந்துருச்சு. நான் போகல. நாப்பத்து மூணு வருஷமா உங்களுக்குச் சோறு வடிச்சுக்கிட்டு, அந்தச் சீட்டு மேல கிடக்குற பிளாஸ்டிக்கப் பார்த்துக்கிட்டு இருக்கேன்.”

மறுநாளே ஓட்டுநர் பள்ளியில் பெரிய மோட்டார் சைக்கிள் வகுப்பில் சேர்ந்தாள். வயது அறுபத்தைந்து. இரண்டு மாதத்தில் லைசென்ஸ் வந்தது. பனி உருகட்டும் என்று மே மாதம் வரை பொறுத்தாள். பிறகு விலாங்கு அறுக்கும் கத்தியை எடுத்துப்போய் சீட்டின் பிளாஸ்டிக்கை நீளவாக்கில் கிழித்தாள். சேதி கேட்டு நுகதா இரண்டு பேருந்து மாறி ஓடிவந்தார்.

“அம்மா, வேண்டாம்மா! அது கன்னி வண்டி!”

“அப்ப நீங்க கட்டிக்கிட்டிருக்கணும் தலைவரே. இவரு என்னையில்ல கட்டினாரு.”

தோகுஜி முன்சக்கரத்தை மறித்து நின்றார். “மிசாவோ, ஒரு சொட்டு மழை பட்டாக்கூட...”

“பின்னாடி ஏறுறீங்களா, தள்ளி நிக்கிறீங்களா?”

தள்ளி நின்றார்.

பதினோரு நாள் கழித்து, சேறு அப்பிய வண்டியோடு அவள் திரும்பினாள். அம்மாவின் கல்லறையைக் கழுவினேன், வாசலில் வண்டியை நிறுத்தினேன், அங்கே இப்போது வேறு யாரோ பாசி காயப்போடுகிறார்கள் என்றாள். போகவும் வரவும் மூவாயிரத்துக்கு மேல் ஓட்டியிருந்தாள். மீட்டரில் ஒரு கிலோமீட்டர்கூட ஏறியிருக்கவில்லை.

சங்கம் கூடி, புறப்படும் முன் எடுத்த குறிப்பையும் இப்போதைய எண்ணையும் ஒப்பிட்டு, வண்டி ஓடவில்லை என்று உறுதிசெய்து, ஓட்டப்படாத வண்டிகள் பிரிவில் அதற்கே முதல் பரிசு அளித்தது. ஹமமாட்சுவில் யாருக்கும் இதில் வியப்பில்லை. சேறு மட்டும் விதிப்படி துடைக்கப்பட்டது.

பரிசளிப்பு நாளில், படத்துக்காக வண்டியைக் கொஞ்சம் நேராக நிறுத்தும்படி தோகுஜியைக் கேட்டார்கள். அவர் பிடித்ததும் அது சாய்ந்து விழுந்தது. பன்னிரண்டு பேரும் சுற்றி நின்றார்கள். தேநீர் குடித்துக்கொண்டிருந்த மிசாவோ வந்து, முழங்காலை மடக்கி ஒரே மூச்சில் அதைத் தூக்கி நிறுத்தினாள். பெரிய வண்டிக்குத் தனி லைசென்ஸ் வேண்டும் என்ற சட்டம், தோகுஜி வண்டி வாங்குவதற்கு ஒரு மாதம் முன்புதான் வந்திருந்தது. தேர்வின் முதல் பகுதி, கீழே கிடக்கும் வண்டியைத் தூக்கி நிறுத்துவது. அதில் அவர் பதினான்கு முறை தோற்றிருந்தார்.