ராகு காலத்துக்கு முன் ஒரு ஃபோர்க்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது புக்கிட் ரம்பாயில், பக்கத்து வீட்டு வேலிக்கு மேலே. எட்டிப் பார்ப்பது தப்பு என்பார்கள். எட்டிப் பார்க்காதவன் எழுதுவதை யார் படிக்கிறார்கள்?

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘தொண்ணூற்றாறில் ஒரு சனிக்கிழமை, பனி மெல்ல விலகிக்கொண்டிருந்த...’

புக்கிட் ரம்பாயில் ஏது பனி? தொழிற்சாலைப் புகை. விட்டுவிட்டேன்.

2

பக்கத்து வீட்டுப் புவனேந்திரனிடம் ஒரு பழைய மலைச் சைக்கிள். மனைவி தேவிஸ்ரீயின் அண்ணன் காளிதாஸ், சிங்கப்பூரிலிருந்து முன்சக்கரத்தைக் கவ்வும், சுருள்வில் வைத்த புது ஃபோர்க்கும் அதோடு சேர்ந்த ஹேண்டலும் கொண்டுவந்தான். கொடுத்தவன் சும்மா கொடுத்தானா?

“நாளைக்கு செலண்டார் செம்பனைத் தோட்டத்துக்குள்ள போட்டி ஓட்டிப் பாப்போம் மச்சான். போன தடவ சைக்கிள விட நீங்கதான் லா அதிகமா குலுங்குனீங்க.”

தேவிஸ்ரீ சிரித்துவிட்டாள். அதுதான் புவனேந்திரனைச் சுட்டது. நாளை அவன் ஜெயித்தாக வேண்டும். ஃபோர்க் கெட்டால் வேறு கிடையாது. பழையதைக் கழற்றும்போதே உடைத்தாயிற்று.

(நீளமான ஃபோர்க் முன்பக்கத்தைத் தூக்கும். புக்கிட் பெருவாங் தம்புசாமி அப்படி ஒன்றை மாட்டி, சமதரையிலும் மலையேறுவதாக நினைத்து மூச்சுவாங்கினார். உண்மை. செத்த பிறகு அவரே என்னிடம் சொன்னார்.)

3

முந்தைய பிரதியில் தங்கையா என்று ஒரு சைக்கிள் கடைக்காரர் இருந்தார். விஷயம் தெரிந்தவர். அவர் இருந்தால் இரண்டாம் பக்கத்திலேயே எல்லாம் சரியாகிவிடும். ஆகவே அவரைப் பினாங்குக்குக் கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டேன்.

4

புது ஃபோர்க்கின் தண்டு பழைய சைக்கிளின் கழுத்துக் குழாய்க்குள் சரியாக நுழைந்தது. நீளம்தான் அதிகம், மேலே நீட்டிக்கொண்டு நின்றது. புவனேந்திரன் உடைந்த ஃபோர்க்கைப் பக்கத்தில் வைத்து, அதே நீளத்துக்குக் கோடு போட்டான்.

“என்னங்க, ஒம்பதுக்கு ராகு காலம். அறுக்கறதுன்னா இப்பவே அறுங்க.”

“அளவ இன்னொரு தடவ பாத்துக்கறேன் தேவி.”

“பழசு அளவுதானே? இத்தன வருஷம் ஓடலயா? சீக்கிரம் லா!”

அளவு சரி. ஆனால் பழைய ஹேண்டலின் கால் தண்டுக்குள் இறங்கி நிற்கும். புது ஹேண்டல் தண்டின் தலையை வெளியிலிருந்து கவ்விப் பிடிக்கும். அதற்குக் கோட்டுக்கு மேலே மூன்று விரல் மிச்சம் வேண்டும். இது இப்போது எனக்கும் உங்களுக்கும்தான் தெரியும்.

5

முடிவு ஒன்று: அறுக்கிறான். ஹேண்டல் இல்லாமலே ஓட்டி, இடுப்பை ஆட்டித் திருப்பி, காளிதாஸை முந்துகிறான். (எனக்குப் பிடித்தது. என் மனைவி நம்பவில்லை.)

முடிவு இரண்டு: ராகு காலம் வந்துவிடுகிறது, ரம்பத்தைக் கீழே வைக்கிறான், பத்தரைக்குள் அவனுக்கே புத்தி...

இல்லை. ராகு காலத்துக்குப் பயந்தவன் அதற்கு முன்பே அறுத்துவிடுவான், பத்தரை வரை காத்திருக்க மாட்டான்.

‘ஹேண்டல் எதைப் பிடிச்சுக்கும்பா?’ என்று யாராவது ஒரு வார்த்தை கேட்டால் போதும். நான் கேட்கக் கூடாது. எட்டிப் பார்த்தது தெரிந்துவிடும். தங்கையா பினாங்கில் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். வேலியின் அந்தப் பக்கம் நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

கொஞ்சம் சத்தமாகவே கேளுங்கள். அவன் அறுக்கத் தொடங்கிவிட்டான்.