சொட்டாத கெண்டியும் விதைக் கார்டும்

"கார்டு இருக்கா?" என்று கேட்கிற ஆள் வாங்கமாட்டார். பதினோரு வருடம் தேநீர்க் கெண்டி செய்து விற்றதில் மெரின் கண்டறிந்த உண்மை இதுதான். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு கொராங்கி கால்பந்து மைதானத்தில் கூடும் கைவினைச் சந்தைக்கு வருகிற கூட்டம் அப்படி. கெண்டியை எடுப்பார்கள். மூடியைத் திறந்து எதையோ தொலைத்தவர்கள் மாதிரி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். "ரொம்ப அழகா இருக்கு, ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன், கார்டு இருக்கா?" என்பார்கள். சுற்றப் போனவர்களில் திரும்பி வந்தவர் ஒருத்தர் உண்டா? பேரும் நம்பரும் போட்ட கார்டைக் கொண்டுபோய்க் கையிலிருக்கும் சாஸேஜ் எண்ணெயைத் துடைப்பார்கள். வாங்க மனசில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லத் துப்பில்லாத ஜனங்கள் கண்டுபிடித்த மரியாதை அது. அந்த மரியாதைக்கு நான் வேறு காகிதம் அச்சடிக்க வேண்டுமா என்று அவள் கார்டே வைத்துக்கொள்ளவில்லை.

பக்கத்து மேசை லொரெலுக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது. ஊசிநூலால் கோலாக் கரடி பொம்மை தைத்து விற்பவள். ஒன்றுக்குக்கூட இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்காது. ஆனால் கார்டு? ரோஸ் நிறத்தில், பளபளவென்று, அவளுடைய முகமே பல்லைக் காட்டிக்கொண்டு, ஐந்நூறு கார்டு! போதாததற்கு மேசைக்கு முன்னால் ஒரு கயிற்றைக் கட்டி, மற்ற கடைக்காரர்களின் கார்டுகளையும் துணி கிளிப்பு போட்டுத் தொங்கவிட்டிருந்தாள்.

"கண்ணு, உன் கார்டும் ஒண்ணு குடேன், மாட்டி விடறேன்" என்று அவள் மாதம் தவறாமல் கேட்பாள். எல்லோரும் அவளுக்குக் கண்ணுதான்.

"எதுக்கு? நீ வாங்கப்போறியா?"

"நான் டீ பேக் போட்டுக் குடிக்கிறவ. கெண்டி விக்கறவங்க யாருன்னு என்கிட்ட வந்து கேக்கறாங்க, அதுக்குச் சொன்னேன்."

"அந்தக் கயித்துல ஜட்டி காயப்போடு. அதாவது பிரயோஜனமா இருக்கும்."

லொரெல் சிரித்துவைப்பாள். ஆறு வருடமாகச் சிரித்துவைத்தாள்.

கயிற்றில் முதலாவதாகத் தொங்கியது மூன்றாம் வரிசை க்ளெனின் கார்டு. அவனும் கெண்டிதான் செய்கிறான், செய்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறான். ஊற்றி முடித்ததும் அதன் மூக்கு ஒழுகும் பாருங்கள், சளி பிடித்த பிள்ளை தோற்றுப்போகும். மெரினின் கெண்டி சொட்டாது. ஒரு சொட்டுக்கூட மேசைவிரிப்பில் விழாது. அந்த மூக்கை அப்படிச் சீவக் கற்றுக்கொள்ள அவளுக்கு நாலு வருடம் பிடித்தது. அது தெரியாத தடிமாடுகள் க்ளெனிடம் போய் வாங்கிக்கொண்டிருந்தன, அவன் கெண்டியில் நீலப்பூ போடுகிறானாம்.

இப்படி இருக்கும்போதுதான் சந்தை அமைப்பாளரிடமிருந்து கடிதம் வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் டாஸ்மேனியாவில், ஹோபார்ட்டில் கைவினைக் கடை வைத்திருக்கும் ஃபிலிப்பா என்பவர் அடுத்த சந்தைக்குக் கப்பலில் வருகிறார். எல்லா மேசையையும் பார்ப்பார், பிடித்தவர்களின் கார்டை எடுத்துக்கொள்வார், ஊர் போய்ச் சேர்ந்து கூப்பிடுவார். கெண்டிக்கு ஒரே ஒருவருக்குத்தான் இடம். கடையின் முகப்பு அலமாரி, வருடம் முழுக்க.

மெரின் கடிதத்தை மூன்று தடவை படித்தாள். வாரத்தில் ஐந்து நாள் அவள் பள்ளிக்கூடக் கேண்டீனில் சாஸேஜ் ரோல் சூடாக்குகிறாள். தக்காளி சாஸ் பிதுக்கிப் பிதுக்கி, களிமண் பிசைய வேண்டிய மணிக்கட்டு செத்துக்கொண்டிருந்தது. அந்த அலமாரி கிடைத்தால் ஏப்ரனைக் கழற்றிக் கேண்டீன்காரி மேசையில் போட்டுவிட்டு வந்துவிடலாம். என்ன சொல்லிவிட்டுப் போடுவது என்பதைக்கூட யோசித்துவிட்டாள்.

ஆனால் கார்டு வேண்டும். அச்சுக்கடைக்குப் போவதா? லொரெல் மாதிரியா? சீ! கையால் கெண்டி செய்கிறவள் கார்டையும் கையால்தான் செய்வாள். பழைய செய்தித்தாளையும் முட்டை அட்டையையும் கிழித்து ஊறவைத்தாள், சமையலறை மிக்ஸியில் கூழாக்கினாள், மிக்ஸி செத்தது. கூழில் ஒரு கை காட்டு டெய்சி விதையைத் தூவினாள். வலைச்சட்டத்தில் அள்ளி, பஞ்சால் ஒற்றி, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக் காயவைத்தாள். காய்ந்ததும் பழுப்பு மையில் பெயரும் போன் நம்பரும் எழுதினாள். 'என்னை நடுங்கள், பூப்பேன்' என்று கீழே ஒரு வரி. இருபத்துநான்கு தேறின. பாதியில் மை ஊறிப் பரவியிருந்தது. கைவேலை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சந்தை நாளன்று லொரெல் ஒன்றை எடுத்து விரலால் தடவிப் பார்த்தாள். "உள்ள என்ன கண்ணு, எலிப்புழுக்கையா?"

"விதை. நட்டா பூ வரும். உன் கார்டை நட்டுப் பாரு, பிளாஸ்டிக் வாளிதான் முளைக்கும்!"

நாலு மேசை சேர்ந்து சிரித்தது. லொரெலின் முகம் கழுத்து வரைக்கும் சிவந்தது. மெரினுக்கு அன்றைய காலைச் சாப்பாடே தேவைப்படவில்லை.

பதினொரு மணிக்கு ஃபிலிப்பா வந்தாள். ஒல்லியாக, பெரிய துணிப்பையோடு, அதிகம் பேசாதவள். கெண்டியில் தேநீர் போடச் சொன்னாள். தானே ஊற்றினாள். ஊற்றி நிறுத்தி, மூக்குக்கு அடியில் விரலை ஓட்டிப் பார்த்தாள். காய்ந்த விரல்.

"இப்படி ஒரு மூக்கு பாத்து எத்தனையோ வருஷமாச்சு" என்றாள்.

மெரின் கார்டை நீட்டினாள். "உங்க வீட்டுத் தோட்டத்துலயே நடலாம்."

"அழகு" என்று பைக்குள் போட்டுக்கொண்டாள் ஃபிலிப்பா. "ராத்திரி கப்பல். வியாழக்கிழமை கூப்பிடறேன். இந்தாங்க, என் கார்டு."

"நீங்கதானே கூப்பிடப்போறீங்க? எனக்கெதுக்கு?" என்றாள் மெரின், தலையை நிமிர்த்திக்கொண்டு. ஃபிலிப்பா தோளைக் குலுக்கிவிட்டு அதை லொரெலிடம் கொடுத்தாள். லொரெல் தன் ரோஸ் கார்டைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டாள்.

வியாழன் வந்தது, போனது. அதற்கடுத்த வியாழனும் போனது. மெரின் போனை ஏப்ரன் பையிலேயே வைத்துக்கொண்டு சாஸ் பிதுக்கினாள். அது ஒரே ஒரு தடவை அடித்தது, மின்சாரக் கம்பெனி மாற்றிக்கொள்ளச் சொல்லி எவனோ.

அடுத்த சந்தையில் க்ளெனின் மேசைமேல் புதுப் பலகை: 'எங்கள் கெண்டிகள் இப்போது ஹோபார்ட்டிலும்!' மெரின் நேரே லொரெலிடம் திரும்பினாள்.

"பாத்தியா லொரெல் அந்த அநியாயத்தை? அந்தப் பொம்பளைக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

லொரெல் கோலாவின் காதைத் தைத்துக்கொண்டே நிமிராமல் சொன்னாள். "உனக்குத்தான் குடுக்கறதா இருந்தாங்க. டெவன்போர்ட் துறைமுகத்துல கப்பலை விட்டு இறங்கறப்போ சோதனை நாய் அவங்க பை பக்கத்துல உக்காந்துடுச்சாம். தொறந்து பாத்தா உன் கார்டு. விதையாச்சே, பிடுங்கிக் குப்பைத் தொட்டியில போட்டுட்டாங்க."

டாஸ்மேனியாவுக்குள் பூச்சி, களை வந்துவிடும் என்று ஒரு ஆப்பிள் துண்டுகூட விடமாட்டார்கள் என்பது இந்தப் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் துறைமுக வரிசையில் காருக்குள் உட்கார்ந்து ஆப்பிளை அவசர அவசரமாகத் தின்றுதீர்த்தவள்தான் மெரினும்.

"என்னைக் கூப்பிட்டு உன் நம்பர் கேட்டாங்க" என்றாள் லொரெல்.

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"என்கிட்ட ஏது? ஆறு வருஷமா கேட்டேன், குடுத்தியா? அமைப்பாளர்கிட்ட கேட்டு வாங்கியிருக்கலாம். கேக்கலாம்னு போனைக்கூட எடுத்தேன். பிளாஸ்டிக் வாளி ஞாபகம் வந்துச்சு, வெச்சுட்டேன்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "வீட்டுச் சுவத்துல மாட்டியிருந்த கயித்துல முதல்ல க்ளென் கார்டு தொங்குச்சு. அவங்களைக் கூப்பிட்டு அந்த நம்பரைப் படிச்சேன்."

"அவன் கெண்டி ஒழுகும்டி!"

"ஒழுகுதுதான். கார்டு குடுக்கறானே."

மெரின் நாற்காலியை லொரெல் பக்கம் நகர்த்தினாள். "அந்தம்மா நம்பர் உன்கிட்ட இருக்கில்ல? குடேன்."

"எதுக்கு?" லொரெல் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "நீ வாங்கப்போறியா?"

மெரின் வாங்கினாள். இருப்பதிலேயே சின்னக் கோலா, முப்பது டாலர், ஒரு கண் நெற்றியில். லொரெல் அதைக் காகிதத்தில் சுற்றி, தன் ரோஸ் கார்டின் பின்பக்கம் நம்பரை எழுதி உள்ளே வைத்து, "நன்றி கண்ணு" என்று நீட்டினாள்.

மெரின் வேலியோரம் போய்க் கூப்பிட்டாள். ஃபிலிப்பா உடனே எடுத்தாள். "அடடா, நீங்களா! அலமாரி நிறைஞ்சு போச்சும்மா. அவர் கெண்டி கொஞ்சம் சொட்டுதுதான், ஆனா அந்த நீலப்பூ நல்லா ஓடுது. அடுத்த வருஷம் பாப்போம். தபால்ல ஒரு கார்டு போட்டு விடுங்க. சாதாக் காகிதத்துல."

திரும்பி வந்தபோது அவள் மேசை முன்னால் தொப்பி போட்ட ஒரு பெண் கெண்டி மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரொம்ப அழகா இருக்கு. ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன். கார்டு இருக்கா?"

லொரெலின் ஊசி நின்றது. மெரின் கோலாவை மேசையில் வைத்துவிட்டு, மீதமிருந்த விதைக் கார்டில் ஒன்றை எடுத்தாள்.

"இருக்கு" என்றாள். "முதல்ல நீங்க எந்த ஊருன்னு சொல்லுங்க."