இரண்டு தட்டுகளுக்கு நடுவே

பெண்டாட்டியிடம் தனியாக நாலு வார்த்தை பேச அம்புரோஸ் மூன்று நாளாக நாயாய் அலைந்துகொண்டிருந்தான். கிள்ளான் நகரில் அவர்கள் இருந்த ஃபிளாட்டில் ஓர் அறையில் தும்மினால் அடுத்த அறையில் கேட்கும். ஹாலில் மூத்தவள் கிறிஸ்டின் பள்ளி இறுதி எஸ்பிஎம் பரீட்சைக்கு விடிய விடியப் படித்துக்கொண்டிருந்தாள். காரில் ஏறினால் சின்னவன் கேவின் வாயை மூடமாட்டான், ஒன்பது வயசு. படுக்கையில் பேசலாமென்றால் டோரிஸ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள்.

பேச வேண்டியது ஒன்றே ஒன்றுதான். டோரிஸின் மார்பில் கட்டி. கெட்ட கட்டி என்று தெரிந்து இரண்டு மாதம் ஆகிறது. ஆப்பரேஷனுக்குக் கொடுத்த முதல் தேதிக்கு அவள் போகவில்லை. இரண்டாவது தேதிக்கு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குள் வார்டில் சேர வேண்டும். இந்த முறையும் தவறினால் அப்புறம் வெட்டி எடுத்தும் பிரயோசனம் இருக்காது என்று டாக்டரம்மா அம்புரோஸைத் தனியாகக் கூப்பிட்டே சொல்லிவிட்டார்.

டோரிஸ் அசையவில்லை. கிறிஸ்டினின் பரீட்சை முடியட்டும் என்று ஒரே பிடி. அதற்கு ஏழு வாரம் இருந்தது. டோரிஸ் எஸ்பிஎம் எழுதிய வருஷம்தான் அவளுடைய அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வரவில்லை. பரீட்சைத்தாளில் பெயரை மட்டும் எழுதிவைத்துவிட்டு எழுந்து வந்தவள் அவள். என் மகளுக்கு அந்தக் கதி வரக்கூடாது, அவள் காதில் ஒரு வார்த்தை விழக்கூடாது என்று மாதா படத்துக்கு முன்னால் புருஷனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அப்படிப்பட்டவள்தான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், "கேவின் ரொம்ப நாளா கேக்குறான், சயன்ஸ் பார்க் போவோம்" என்று கிறிஸ்டினையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். அம்புரோஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடிந்தால் ஆஸ்பத்திரி, இவளுக்கு பெட்டாலிங் ஜெயாவில் வேடிக்கை கேட்கிறதாம். மகனை ஆளுயரச் சோப்புக் குமிழிக்குள் நிறுத்திப் படம் எடுத்தாள். சைக்கிள் மிதித்து விளக்கு எரியவைத்தாள். எதை வேண்டுமானாலும் தொட்டுப் பார்க்கலாம் என்று சுவரெங்கும் எழுதியிருந்தது. இவன் தோளைத் தொடப் போனால் மட்டும் அவள் நகர்ந்துகொண்டாள்.

"ம்மா, ரெண்டு நிமிஷம்."

"பிள்ளைங்க இருக்காங்க லா. அப்புறம்."

அந்த அப்புறம் வரவே வராது என்று அவனுக்குத் தெரியும். அப்போதுதான் அந்தத் தட்டுகளைப் பார்த்தான். கூடத்தின் இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று, மொட்டைமாடி டிவி தட்டு போல, ஆனால் ஆளைவிடப் பெரியது. இதற்குள் முகத்தை வைத்து முணுமுணுத்தால் முப்பதடி தள்ளி அதற்குள் முகம் வைத்திருப்பவருக்குக் காதோரம் பேசுவதுபோல் கேட்கும். நடுவில் நிற்கிறவனுக்கு ஒன்றும் கேட்காது. இதைக் கண்டுபிடித்தவன் நன்றாக இருக்கட்டும் என்று அம்புரோஸ் மனசுக்குள் வாழ்த்தினான்.

டோரிஸை அந்தக் கோடி நாற்காலியில் உட்காரவைத்தான். "எந்திரிக்காத. நான் அங்க போய் பேசுறேன்" என்று சொல்லிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு இந்தக் கோடிக்கு வந்து உட்கார்ந்து தட்டுக்குள் முகம் வைத்தான். முதுகு டோரிஸ் பக்கம்.

"ம்மா, கேக்குதா?"

"ம்."

"நாளைக்கு நீ போய்ப் படுக்கணும். உன் கால்ல விழுந்து கேக்குறேன்."

நகர்ந்து போகாமல் கேட்கிறாளே, அதுவே பெரிசு.

"டாக்டர் உன்கிட்ட சொல்லாதத என்கிட்ட சொன்னாங்க. இப்ப வெட்டி எடுத்தா பொழைச்சுக்கலாம். இன்னும் ரெண்டு மாசம் விட்டா கஷ்டம். கிறிஸ்டின் கிறிஸ்டின்னு சொல்றியே, அவ எட்டு ஏ வாங்கிட்டு வந்து யார்கிட்ட காட்டுவா? உன் போட்டோ முன்னாலயா?"

தட்டுக்குள் மெல்லக் குரல் வந்தது.

"எத்தன மணிக்கு?"

"ஏழு மணிக்குள்ள. ராத்திரியிலேர்ந்து சாப்பிடக்கூடாது."

"சரிப்பா. அம்மாவ கூட்டிட்டுப் போயிடலாம்."

அம்புரோஸ் திரும்பிப் பார்த்தான். அந்த நாற்காலியில் பள்ளிக்கூட டிஷர்ட்டும் ஒற்றைப் பின்னலுமாக கிறிஸ்டின். டோரிஸ் கழிவறைப் பக்கமிருந்து கேவினைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். பயலுக்கு அவசரம் வந்திருக்கிறது. காலியான நாற்காலியில் மகள் உட்கார்ந்திருக்கிறாள். கல்யாணமாகிக் குழந்தை பிறந்ததிலிருந்து மனைவியையும் ‘ம்மா’, செல்லமாக மகளையும் ‘ம்மா’ என்றே கூப்பிட்டுப் பழகிய வாய். வீட்டில் கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்புவார்கள், அவன் கண் யார் பக்கம் போகிறதோ அவள் பதில் சொல்வாள். முணுமுணுப்பில் தாய்க் குரல், மகள் குரல் என்ற வித்தியாசமும் கிடையாது. ஒரே ஒரு தடவை டோரிஸ் என்று பெயர் சொல்லித் தொலைத்திருந்தால் போதும்.

எழுந்தான். மாதா முன்னால் கொடுத்த சத்தியம் போயிற்று. இனி டோரிஸ் தன் முகத்தில் விழிக்கமாட்டாள், நாளைக்கும் போகமாட்டாள் என்று நினைத்தபோது உட்கார்ந்து ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது.

"மா, அக்கா அங்க இருக்கா. நீ இதுல பேசு" என்று கேவின் டோரிஸை இந்தத் தட்டுக்கே இழுத்துவந்துவிட்டான்.

"வேணாம் ம்மா, வா, போவோம்" என்று அம்புரோஸ் குறுக்கே வந்தான்.

"ஏன், உங்களுக்கு மட்டுந்தானா?" டோரிஸ் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து தட்டுக்குள் முகம் வைத்தாள். "கிறிஸ்டின், மம்மி பேசுறேன். ஹலோ."

அப்புறம் அவள் பேசவில்லை. அம்புரோஸ் பாதித் தூரம் வந்து நடுவில் நின்றான். கேவின் சைக்கிள் பக்கம் ஓடினான், யாரோ விசில் ஊதினார்கள். அங்கே மகளின் முதுகு, இங்கே மனைவியின் முதுகு. இரண்டும் அசையவில்லை. மகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்று நினைத்தான். இல்லை, கெஞ்சுகிறாள். இல்லை, திட்டுகிறாள்.

டோரிஸ் எழுந்து வந்தாள். அவனைப் பார்க்காமல் அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள்.

"அஞ்சு மணிக்கு எழுப்புங்க. ஃபெடரல் ஹைவே திங்கக்கிழமை ஜாம் ஆகும்."

அவள் கேவினைப் பிடிக்கப் போனதும், கிறிஸ்டினிடம் ஓடினான்.

"அம்மாகிட்ட என்ன சொன்னம்மா?"

"ஒண்ணும் சொல்லலப்பா" என்றாள் கிறிஸ்டின். "அழுகைய அடக்கிக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன். அது அம்மாவுக்குக் கேட்டுடுச்சு."