இரண்டாவது பேஸில் ஒரு கொசுறு

புல்லில் ஈரம் இன்னும் காயவில்லை. சாம்பல் நிறக் கால்சட்டையும் கறுப்புத் தொப்பியுமாக நூறு பேருக்குக் குறையாமல் வரிசை கட்டி நின்று, பந்தும் இல்லாமல் மட்டையும் இல்லாமல், வெறும் காற்றைப் பார்த்து "ஸ்ட்ரைக்!" என்று கத்தி, இல்லாத ஒரு கதவை முஷ்டியால் தட்டிக்கொண்டிருந்தார்கள். புளோரிடாவின் இந்த மூலையில் இருக்கிற பேஸ்பால் அம்பயர் பள்ளிக்கூடத்தில் ஜனவரி பிறந்தால் நடக்கிற கூத்து இது. மைதானத்தை ஒட்டிப் போகிற லாரிக்காரர்கள் இப்போதெல்லாம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கடைசி வரிசையில் நின்ற ஆளின் முஷ்டி மட்டும் மற்றவர்களுக்கு அரை மூச்சு முந்தி மேலே போனது.

"வெண்டெல்! பந்தே இன்னும் வந்து சேரல, அதுக்குள்ள பில்லு போட்டுட்டீங்க!" என்று கத்தினான் கார்வர்.

வரிசை முழுக்கச் சிரித்தது. வெண்டெலும் சிரித்தார். கார்வர் இங்கே வாத்தியார்; முப்பதைத் தாண்டியவன், பெரிய லீக்குக்கு ஒரு படி கீழே அம்பயராக நிற்பவன். வயதில் வெண்டெலுக்கு மகன் ஆகலாம்; மைதானத்தில் அப்பன்.

இந்தியானா மாநிலத்தில், ஃபோர்ட் வெய்னுக்கு வெளியே நெடுஞ்சாலையோரம், வெண்டெல் க்ராஃப்டுக்குப் பழைய கார் வியாபாரம். ஐம்பத்து நாலு வயதில் பாதிக்கு மேல் அந்தத் தார்த்தரையில்தான் கழிந்தது. பழைய கார் விற்பவனுக்கு வாய்தான் என்ஜின். வந்தவன் கதவைத் திறந்து சீட்டில் உட்காரும் முன்னாலேயே அவனுக்கு அந்தக் கார் பிடித்துவிட்டது என்று அவனிடமே சொல்லி நம்பவைத்துவிடுவார். யோசிக்க விட்டால் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்விடுவார் என்பது அந்தத் தொழிலின் பயம். இங்கே நேர்மாறு. பார், பொறு, பார்த்ததை இன்னொரு முறை உள்ளுக்குள் ஓட்டு, அப்புறம் வாயைத் திற என்கிறார்கள். கையை அடக்கச் சொன்னால் அடக்கலாம்; இத்தனை வருஷம் சோறு போட்ட வாயை எப்படி அடக்குவது?

ஆனால் வந்ததே அந்த வாயிடமிருந்து தப்பித்துத்தான். ஊரில் சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடப் பையன்கள் ஆட்டத்துக்கு அம்பயராக நிற்பார். முகமூடியை மாட்டிக்கொண்டு "அவுட்" என்றால் அவுட். யாருக்கும் தள்ளுபடி கிடையாது, தவணை கிடையாது, "உங்களுக்காகச் சொல்றேன்" கிடையாது. உலகத்திலேயே அந்த இடத்தில் மட்டும்தான் அவர் சொன்னது ஒரே விலை. அந்த நிம்மதிக்காகத்தான் முட்டி வலியையும் பொருட்படுத்தாமல், நிஜமான அம்பயர்கள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கே வந்திருந்தார்.

மனைவி டார்லா சும்மா அனுப்பிவிடவில்லை. அவளும் அந்தக் கடையில் சம பங்குக்காரி. பேரத்தில் அவரைவிட ஒரு பிடி கூட. "ஜனவரில பனி கொட்டுது, ஒருத்தனும் கார் வாங்க வரமாட்டான். போயிட்டு வா. கோடைக்கு அங்க எதாவது லீக்ல வேலை குடுத்தாங்கன்னா நான் கடைக்கு ஒரு ஆளைப் போட்டுக்கிறேன், நீ போய் ஆசை தீர நில்லு. குடுக்கலன்னா அந்த முகமூடியை வாசல்ல வச்சு வித்துடுவேன். அப்புறம் சனிக்கிழமை கூடக் கிடையாது. சனிக்கிழமைதான் நமக்கு வியாபாரம்" என்றாள். வெண்டெல் கை குலுக்கினார். அந்த வீட்டில் கை குலுக்கினால் குலுக்கியதுதான்.

பெரிய லீக்கை நோக்கிய ஏணியில் ஏற்ற இளவட்டங்களைத்தான் பொறுக்குவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவர் கண் வேறு சரக்கின் மேல் இருந்தது. கல்லூரிப் பையன்கள் கோடையில் ஆடுகிற லீக்குகள் சில, இந்தப் பள்ளியிலிருந்துதான் அம்பயர் எடுத்துக்கொள்ளும். அங்கே வயதைப் பார்ப்பதில்லை; கார்வர் கைகாட்டினால் போதும்.

அவருடைய அறைத்தோழன் ரீஸ், ஓக்லஹோமாக்காரன், இருபத்திரண்டு வயது. மோட்டலில் வெண்டெல் இரண்டு முட்டியிலும் பனிக்கட்டிப் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "பெருசு, உன்னை வாங்கும்போது மைலேஜ் பார்த்தாங்களா இல்லியா?" என்பான்.

"ஒரே ஓனர்டா. சர்வீஸெல்லாம் கரெக்டா பண்ணின வண்டி" என்பார் வெண்டெல்.

"ஹாரன் மட்டும் நிக்காம அடிக்குது."

மூன்றாம் வாரம் சண்டை போடப் பழக்கினார்கள். வாத்தியார்கள் அணி மேனேஜர் வேஷம் கட்டிக்கொண்டு பெஞ்சிலிருந்து பாய்ந்து வருவார்கள். மூக்குக்கு மூக்கு நின்று, தொப்பியைத் தரையில் அடித்து, மண்ணை உதைத்து, அம்மாவை அப்பாவை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சொல்வார்கள். மாணவன் தாங்க வேண்டும். எல்லை மீறினால் வெளியே அனுப்ப வேண்டும். இளவட்டங்கள் சிலர் அழுகிற நிலைக்குப் போனார்கள். ஒருவன் பதிலுக்குக் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு அப்புறம் மன்னிப்பும் கேட்டான்.

வெண்டெல் முறை வந்தது. கார்வர் நெற்றி நரம்பு புடைக்க ஓடி வந்தான். "கண்ணு எங்கய்யா வச்சிருந்தே? அவன் கால் பேஸ்ல வந்து குடியே ஏறிடுச்சு!"

"உங்க எடத்துல நான் இருந்தா இதைவிடக் கத்துவேன் சார்" என்றார் வெண்டெல், குரலைத் தாழ்த்தி, பாதித் தோள் அவன் பக்கம் சாய்த்து. "அவ்ளோ நெருக்கம்தான். ஒத்துக்கறேன். அடுத்தது இதே மாதிரி வந்தா இன்னும் உன்னிப்பா பாக்கறேன். போதுமா? உங்க பசங்க உங்களைத்தான் பாத்துட்டு இருக்காங்க. கம்பீரமா நடந்து போங்க, நீங்க ஜெயிச்ச மாதிரி இருக்கும்."

கார்வருக்கு வேஷம் கலைந்து சிரிப்பு வந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். ரீஸ் விசிலே அடித்தான். வெண்டெல் தொப்பியைத் தொட்டுக்கொண்டார்.

"கை தட்டியாச்சா?" என்றான் கார்வர், சிரிப்பை நிறுத்திவிட்டு. "இப்ப நான் பெஞ்சுக்குத் திரும்பிப் போறேன். சந்தோஷமாப் போறேன். ஏன் தெரியுமா? இந்த ஆள்கிட்ட விலை பேசலாம்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அடுத்ததுல பாக்கறேன்னாரு. அப்ப அடுத்தது எனக்கு. இன்னிக்கு ராத்திரி எதிர் டீமுக்கும் இது தெரிஞ்சிடும். இனிமே இவரு எதைச் சொன்னாலும் அது விலை இல்ல, பேரத்துக்கு ஆரம்பம்."

வெண்டெலுக்கு முகத்தில் சூடு ஏறியது. திட்டு வாங்கியதால் அல்ல. அந்தப் பயல் சொன்னது கார்க்கடையில் அவரே புதிதாகச் சேரும் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம்.

அதற்கப்புறம் அவர் குறைத்துக்கொண்டார். "பாத்தேன். அவுட்." அவ்வளவுதான். சாப்பாட்டு வரிசையில் பேசுவதுகூடக் குறைந்துவிட்டது. வறுத்த மீன் பரிமாறுகிற அம்மாள், உடம்புக்கு என்ன என்று கேட்டாள்.

கடைசி வாரம் நிஜ ஆட்டம். பக்கத்துக் கல்லூரிகள் இரண்டு பயிற்சிக்காகப் பையன்களை அனுப்பியிருந்தன; சிவப்புச் சட்டை ஒன்று, நீலச் சட்டை ஒன்று. சிவப்புக்கு மேனேஜர் வேஷத்தில் கார்வர், நீலத்துக்கு ஒர்ட்டேகா என்கிற தொந்தி வாத்தியார். ரீஸ் முகமூடியோடு, மட்டைக்காரன் காலடியில் பதித்த வெள்ளைப் பலகையான ஹோம் பிளேட்டுக்குப் பின்னால். ஓடுகிறவன் தொட வேண்டிய திண்டுகளான பேஸ்களைப் பார்த்துக்கொள்வது வெண்டெல். யார் யாருக்குக் கோடை வேலை என்பது இந்த ஆட்டங்களைப் பார்த்துத்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு இன்னிங்ஸ் எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. மூன்றாவதில், சிவப்புப் பையன் ஒருவன் பந்தைத் தரையோடு தட்டிவிட்டு முதல் பேஸுக்கு ஓடினான். இந்த இடத்துக்கு அம்பயர்களுக்கு ஒரு வழி உண்டு. கண் பேஸின் மேல், காது கையுறையின் மேல். அங்கே காவல் நிற்பவன் கையுறையில் பந்து விழுகிற சத்தம் முந்தினால் அவுட், கால் முந்தினால் சேஃப். வெண்டெல் பேஸைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசிக் கணத்தில், வாடிக்கையாளரின் முகத்தைப் பார்க்கிற மாதிரி, பந்தைப் பார்த்துவிட்டார். முஷ்டி தானாக உயர்ந்தது. "அவுட்!" கை உச்சிக்குப் போகும்போதே காதுக்குள் சத்தங்கள் ஒழுங்காக வந்து உட்கார்ந்தன: முதலில் காலின் பொத், அப்புறம் கையுறையின் படார்.

கார்வர் வந்தான். கத்தினான். மண்ணை உதைத்தான். வெண்டெல் நிமிர்ந்து நின்றார். "பாத்தேன். அவுட்." இன்னும் கத்தினான். "போதும். உக்காருங்க." கார்வர் போய்விட்டான். ரீஸ் தூரத்திலிருந்து முகமூடியை லேசாகத் தூக்கி, சபாஷ் என்கிற மாதிரி தலையாட்டினான்.

ஆனால் வெண்டெலுக்கு அந்தக் காலின் சத்தம் உறுத்த ஆரம்பித்தது. தவறு என்றால் கடையில் அதற்கு மருந்து உண்டு. ஒருவனுக்குக் கெட்ட பாட்டரி போய்விட்டால் அடுத்த தடவை டயரை மாற்றிக் கொடுப்பது. சொல்லாமல், சிரித்தபடி, கொசுறாக. அப்படித்தான் அவர் ஊரில் நாணயமானவர் என்று பேர் எடுத்தார். இங்கே சிவப்புச் சட்டைக்காரர்கள் ஒரு அவுட்டைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள். அவர்கள் பெஞ்சைப் பார்க்காமலிருக்கப் பார்த்தார். தராசு ஒரு பக்கம் தொங்கிக்கொண்டே இருந்தது.

ஆறாவதில் சிவப்புப் பையன் ஒருவன், பந்து அடிபடும்வரை காத்திராமல், இரண்டாவது பேஸைத் திருட ஓடினான். நல்ல ஓட்டம், அதைவிட நல்ல வீச்சு. பந்து வந்தது, நீலப் பையன் குனிந்தான், கையுறை கீழே வந்தது, புழுதி எழும்பியது. வெண்டெல் சரியான இடத்தில் நின்றார். இந்த முறை கண்ணை எங்கும் விடவில்லை. பந்தோடு கையுறை கணுக்காலில் பட்டதைப் பார்த்தார்; அந்த டேக் முந்தினால் அவுட். அதற்குப் பிறகுதான் கால் பேஸைத் தொட்டதையும் பார்த்தார். பொறுத்தார். பொறுத்த அந்த மூச்சில், இத்தனை வருஷத்துக் கடை அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துப் பக்கவாட்டில் விரித்துவிட்டது.

"சேஃப்!"

ஒர்ட்டேகா தொந்தி குலுங்க ஓடி வந்து ஒரு பாட்டம் ஆடித் தீர்த்தான். வெண்டெல் அசையவில்லை, எல்லாம் புத்தகத்தில் சொன்ன மாதிரி. ஆனால் ஒர்ட்டேகாவின் தோளுக்கு மேலே சிவப்புப் பெஞ்ச் தெரிந்தது. அங்கே பையன்கள் ஆரவாரம் செய்துகொண்டிருந்தார்கள். கார்வர் மட்டும் கை தட்டவில்லை. கொசுறு கிடைத்தவன் பையைத் திறந்து பார்ப்பதுபோல, தலையைச் சாய்த்து வெண்டெலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் கூப்பிட்டு அனுப்பினான். மைதானத்து ஓரம் கருவிகள் போட்டுவைக்கிற கொட்டகை. இரண்டு மடக்கு நாற்காலிகள்.

"முதல் பேஸ்ல நீங்க சொன்னது தப்பு. தெரியுமா?"

"தெரியும்."

"எப்ப தெரிஞ்சுது?"

"கை மேல போகும்போதே."

"அது பரவால்ல. எனக்கும் வருஷத்துக்கு நாலு வருது. நின்ன விதம் நல்லாயிருந்துச்சு." கார்வர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். "ஒஹையோல ஒரு காலேஜ் லீக். கோடைக்கு இன்னும் ஒரு ஆள் வேணும்னு கேட்டிருக்காங்க. உங்க ஊருக்கும் பக்கம். உங்க பேரைச் சொல்லலாம்னு எனக்கு நெனப்பு. ஒண்ணு மட்டும் இடிக்குது. ரெண்டாவது பேஸ். ஒர்ட்டேகா அவுட்டுங்கறான். பின்னால நின்ன இன்னொருத்தரு சேஃபுங்கறாரு. நான் பெஞ்சுல இருந்தேன், எனக்கு அவ்வளவு சுத்தமாத் தெரியல. படம் புடிக்கல. பக்கத்துல நின்னது நீங்க ஒருத்தர்தான். என்ன பாத்தீங்க?"

வெண்டெலின் வாய்க்குள் பதில்கள் வரிசையில் நின்றன. ஒவ்வொன்றும் கழுவித் துடைத்து, சக்கரத்துக்கு மெருகு போட்டு, ஓட்டத் தயாராக. கையுறை உசரமா வந்துச்சு. பையன் காலை உள்ள மடக்கிட்டான். டேக் விழுந்தப்போ பந்து நழுவிச்சு. எதைச் சொன்னாலும் கார்வர் வாங்கிக்கொள்வான், வாங்கத்தான் உட்கார்ந்திருக்கிறான். வாசலில் முகமூடியை வைத்து விற்கிற டார்லா கண்ணுக்குள் வந்தாள். விற்றும்விடுவாள், நல்ல விலைக்கு.

வெண்டெல் அந்த வரிசையை அப்படியே நிற்கவிட்டார். பார்த்ததை உள்ளுக்குள் இன்னொரு முறை ஓட்டினார். புழுதி. கையுறை. கணுக்கால். அப்புறம் பேஸ். மெதுவாக, கதவைத் தட்டுகிற மாதிரி, வலது முஷ்டியைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

கார்வர் அந்த முஷ்டியைப் பார்த்தான்.

"அப்ப ஏன் கையை விரிச்சீங்க?"

"உங்களுக்கு ஒண்ணு பாக்கி இருந்துச்சு."

"நான் கேட்டனா?"

"இல்ல."

கார்வர் பெருமூச்சு விட்டு எழுந்து நாற்காலியை மடக்கினான். "இந்த அஞ்சு வாரத்துல இப்பத்தான் ஒரு தடவை சரியாப் பொறுத்துச் சொல்லியிருக்கீங்க. அதுவும் கொட்டகைக்குள்ள." கதவருகில் நின்றான். "நாளைக்குக் காலைல பேரெல்லாம் சொல்வோம். போய்ச் சாப்பிடுங்க, மீன் தீர்ந்துடும்."

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. பையன்கள் பேருந்தில் ஏறிப் போயிருந்தார்கள். மோட்டலுக்குக் குறுக்கு வழி மைதானத்தின் நடுவே போகிறது. ஹோம் பிளேட் மேல் கால்தடங்களும் மண்ணும் அப்பிக்கிடந்ததைப் பார்த்து வெண்டெல் நின்றார். கால்சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது, டார்லாவாகத்தான் இருக்கும். இன்னொரு பையிலிருந்து சின்ன பிரஷை எடுத்தார்.

பிளேட்டைத் துடைப்பதற்கும் இங்கே ஒரு முறை சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முன்பக்கமாகச் சுற்றிவந்து, ஆட்டக்காரர்களுக்கு முதுகைக் காட்டி, பார்வையாளர் பக்கம் முகம் வைத்துக் குனிய வேண்டும். காசு கொடுத்து வந்தவனுக்குப் புட்டத்தைக் காட்டக்கூடாது. வந்த முதல் நாளிலேயே அவருக்கு ரொம்பப் பிடித்துப்போன பாடம் அது. வரிசை வரிசையாகக் காலியாகக் கிடந்த பெஞ்சுகளை நோக்கித் திரும்பி நின்று, முட்டி இரண்டும் சடசடக்க வெண்டெல் குனிந்தார். கைபேசி நின்று, மறுபடி அதிர்ந்தது. ஐந்து மூலையும் வெள்ளையாகத் தெரியும்வரை துடைத்துக்கொண்டிருந்தார்.